தண்டவாளம் இல்லாத இடம்

பத்தொன்பது வருடமாக ஒஸ்த்ராவாவில் டிராம் ஓட்டுகிறேன்.
ஒருநாளும் அதைத் திருப்பியதில்லை.
திருப்புவது தண்டவாளத்தின் வேலை.
கிளப்புவது, நிறுத்துவது, மணியடிப்பது என்னுடையது.
எல்லாமே கையில். கால் சும்மா இருக்கும்.

ஓத்மார் பணிமனையை விட்டுப் போன அன்று
ஓர் அட்டைப்பெட்டியை என் இருக்கையில் வைத்தான்.
ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு கால்மிதிகள்.
ஐந்நூறு கொருனா, மெதுவாகக் கொடு என்றான்.
மிதிகளின் இடுக்கில்
அவன் வீட்டு ரொட்டித்தூள் இன்னும் இருந்தது.

முதல் இரவு விமானம் கிளம்பவே இல்லை.
எரிபொருளுக்கு ஒரு விசை,
பொறிக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று,
கண்ணாடிக்கூண்டை மூட ஒன்று.
எதை அழுத்தினாலும் கூண்டுதான் திறந்து திறந்து மூடியது.
பின்னிரவில் காற்றாடி அரைச்சுற்றுச் சுற்றி
இருமிவிட்டு நின்றது.
கைதட்டிவிட்டேன்.
கீழ்வீட்டார் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்கள்.

மறுநாள் கிளம்பியது,
கிளம்பிய கையோடு இடப்பக்கம் ஓடியது.
காற்றாடி ஒரு திசையில் சுற்றினால்
மூக்கு தன் திசையைப் பார்த்துக்கொண்டு போகுமாம்.
யாரும் சொல்லவில்லை.
ஓடுபாதை ஓரத்தில் ஒரு கொட்டகை.
பதினொரு முறை அதே கொட்டகை.
அதன் கதவில் எத்தனை ஆணி என்று
இப்போது கேட்டாலும் சொல்வேன்.

"வலது கால், வெந்துலா, வலது கால்!"
காதுக்குள் ஓத்மார் கத்தினான்.
பெர்னோவில் ஏதோ கிடங்கில் இரவுக் காவல் அவனுக்கு இப்போது,
கத்துவதற்கு நேரம் நிறைய.
"இவ்வளவு இறுக்காதே,
நீ பிடித்திருப்பது பிரேக் அல்ல."

பன்னிரண்டாவது முறை
கொட்டகை கீழே போனது.
அவ்வளவுதான், அது கீழே போனது,
பீட்ரூட் வயல்கள், ஒரு சாலை, ஒரு தேவாலயக் கூம்பு,
எல்லாம் தாமாகவே சிறிதாகிக்கொண்டிருந்தன.
நான் மூச்சுவிட மறந்து
கட்டையை இழுத்தேன், இன்னும் இழுத்தேன்.
இறக்கை நடுங்கியது.
அது எச்சரிக்கை என்று எனக்கு எப்படித் தெரியும்?
என் டிராம் எப்போதும் நடுங்கும்.
வானம் ஒரு வட்டம் போட்டது
வயல் ஒரு வட்டம் போட்டது
வானம்
வயல்
வயல்.

எதிரி என்றால் ஒரு புள்ளி.
திரையில் ஒட்டிய கொசுவென்று
விரலில் எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
கொசு பெரிதாகி இறக்கை விரித்து
என்னைச் சுட்டுவிட்டுப் போனது.
இப்படி எட்டு இரவுகள், எட்டுக் கொசுக்கள்.
ஒருவன்கூட எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று தெரியாது.

மூன்றாம் வாரம்
ஒருவன் தானாக என் முன்னால் வந்து மிதந்தான்.
குறிவட்டம் முழுக்க அவன் முதுகு.
சுட விரல் வைத்த பிறகுதான் பார்த்தேன்:
அவன் வயிற்றுக்குக் கீழே
இரண்டு சக்கரங்களும் தொங்கிக்கொண்டிருந்தன.
கிளம்பியதிலிருந்து மடிக்கவே இல்லை, பாவம்.
விரலை எடுத்துத் தட்டச்சினேன்:
சக்கரம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒன்று மடங்கியது, பிறகு மற்றது,
குளிரில் கால்களை இழுத்துப் போர்வைக்குள் வைப்பதுபோல.
நன்றி என்று எழுதினான்.
சிரிப்புப் படமும் போட்டான்.
அடுத்த வளைவில் பின்னால் வந்து
என் வாலைத் துண்டாக்கினான்.

ஓத்மார் சிரித்த சிரிப்பில்
அவன் கிடங்கின் நாய் குரைத்தது எனக்குக் கேட்டது.

விடிகாலை நாலே முக்காலுக்கு முதல் வண்டி.
பனி, ஆறு பேர், ஒரு சைக்கிள்.
ஆற்றோரத் திருப்பத்தில் டிராம் இடப்பக்கம் சாய
என் வலது கால் எழுந்து
வெறும் தரையை
ஓங்கி மிதித்தது.
டிராம் அதைக் கேட்கவில்லை,
வழக்கம்போல் திரும்பி, வழக்கம்போல் நிமிர்ந்தது.
முன்னிருக்கைக்காரர் மட்டும்
என் பூட்ஸை ஒருமுறை பார்த்தார்.

ஓத்மாரின் ஐந்நூறு இன்னும் பாக்கி.
தரையிறங்கக் கற்றதும் தருகிறேன் என்றிருக்கிறேன்.
நேற்று மூன்று முறை குதித்தேன்,
நான்காவது குதியில்
மறுபடியும் அந்தக் கொட்டகை.